குரல்வளை மரு: கம்மிய குரலிலிருந்து அறுவை அரங்கு வரை முழு வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் அலர்ஜி, அதற்கப்புறம் ‘ஓயாமல் கத்துகிறான், அதான்’. மாடிப்படி ஏறினால் இளைக்கத் தொடங்கியதும் ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். இன்ஹேலரால் ஒரு மாற்றமும் இல்லை. குரல்வளையில் மரு வளர்ந்த பிள்ளைகளில் பலர் சரியான மருத்துவரிடம் வந்து சேரும் பாதை இதுதான். பாதை நீளநீள மருவும் வளர்கிறது.

மூச்சுப்பாதையில் வரும் புற்றல்லாத வளர்ச்சிகள் பல உண்டு. குழந்தைகளின் குரல்வளையில் அவற்றுள் அதிகம் காணப்படுவது பாப்பிலோமா எனப்படும் இந்த மருதான். எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைப்பது இதன் குணம். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. குரல்நாண் முடிச்சு, ரத்தநாளக் கட்டி போன்றவை எங்கே குழப்பம் உண்டாக்குமோ அங்கே மட்டும் வரும்.

இது என்ன, எங்கே வளர்கிறது

காரணம் எச்பிவி என்னும் வைரஸ், அதிலும் 6, 11 ஆகிய இரண்டு வகைகள். பிறப்புறுப்பில் மரு உண்டாக்குபவையும் இவையே. கருப்பை வாய்ப் புற்றுக்குப் பேர்போன 16, 18 வகைகள் வேறு. பொதுவாக 11ஆம் வகை தொற்றிய பிள்ளைகளுக்கு நோய் முரட்டுத்தனமாக இருக்கும்.

ஒருவகைச் சவ்வு முடிந்து இன்னொரு வகை தொடங்கும் எல்லைக் கோடுகளில் மரு பிடிக்கும். அதனால் குரல்நாண்களின் விளிம்பே அதற்கு முதல் வீடு. குரல்வளை மூடியின் உட்பக்கம், உள்நாக்குக்குப் பின்னால் மூக்கைப் பார்த்த பக்கம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவை ஆகியவையும் அதற்குப் பிடித்த இடங்கள். குரல்நாணில் வளர்வதால்தான் மூச்சுக்கு முன்னால் குரல் கெடுகிறது. இந்த வரிசை நமக்கு ஒரு அவகாசம். குரல் கம்மலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் இடையே சில வாரங்களோ மாதங்களோ கிடைக்கின்றன.

சின்னக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு பயம் என்பதற்கு ஒரு கணக்கு. 4 மி.மீ. விட்டமுள்ள காற்றுப்பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வளர்ச்சி வந்தால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். பரப்பு நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். காற்று சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலே எதிர்ப்பு 16 மடங்கு ஏறும். அதே 1 மி.மீ. பெரியவர் தொண்டையில் வந்தால் குரல் மட்டும் கரகரக்கும்.

குழந்தைகளில் இது பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரியவர்களில் 20 முதல் 40 வயதில் அதிகம். 1990களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கில் லட்சம் குழந்தைகளுக்கு 4.3 பேர், லட்சம் பெரியவர்களுக்கு 1.8 பேர் என்று வந்தது. அபூர்வம்தான். ஆனால் வந்த வீட்டுக்கு அது பல ஆண்டு வேலை.

குழந்தைக்குத் தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போது பிறப்புப் பாதையிலிருந்து வருகிறது. முதல் பிள்ளை, சுகப்பிரசவம், வயது குறைந்த தாய் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் சற்று அதிகம். இதைப் படித்த கையோடு தாயைக் குற்றவாளியாக்கும் வீடுகள் உண்டு. எச்பிவி மிகப் பரவலான வைரஸ். பெரும்பாலான தாய்மாருக்கு அது இருந்த அறிகுறியே தெரிந்திருக்காது. வெளிப்படையாக மரு இருந்த தாய்மாரின் பிரசவங்களை டென்மார்க்கில் ஆராய்ந்தபோதுகூட, ஆயிரத்தில் 7 குழந்தைகளுக்குத்தான் இந்நோய் வந்தது. அதனால்தான் இதற்காக மட்டும் சிசேரியன் செய்யச் சொல்வதில்லை. குழந்தையிடமிருந்து அண்ணன் தம்பிக்கோ வகுப்புத் தோழனுக்கோ பேச்சிலும் சாப்பாட்டிலும் இது ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.

முதல் படி: வீட்டில் கவனிப்பது

சளிக் கம்மல் இரண்டு வாரத்தில் தெளியும். நாலு வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும். பெரியவருக்கும் இதே கெடுதான். மூச்சிலும் சத்தம் கேட்டால் நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு பதிவுகள் மருத்துவருக்கு மிகவும் உதவும். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, பிள்ளையை ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, பிள்ளை நன்றாகத் தூங்கும்போது சட்டையைக் கழற்றி, விளக்கைப் போட்டு, கழுத்தும் மார்பும் வயிறும் தெரிய ஒரு நிமிட வீடியோ. தொண்டைக்குழியும் விலா எலும்பு இடுக்குகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிகின்றனவா என்பது அதில் தெரியும். மூச்சையும் எண்ணுங்கள். 2 முதல் 12 மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, 1 முதல் 5 வயதுக்கு 40, இவற்றைத் தொட்டாலே வேகம்தான்.

சத்தம் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். காதால் கேட்டுக்கொண்டே கண்ணை மார்பில் வைத்தால் போதும். மார்பு விரியும்போது, அதாவது காற்று உள்ளே போகும்போது, கீச்சென்றோ கர்ரென்றோ கேட்டால் அடைப்பு குரல்வளைப் பக்கம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கேட்டால் குரல்நாண் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. வெளியே விடும்போது மட்டும் விசில் கேட்டால் நெஞ்சுக்குள், ஆஸ்துமா பக்கம். ‘வீசிங்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதுதான் இந்நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பெரிய காரணம். ஆஸ்துமா குரலை மாற்றாது. கம்மிய குரலோடு வருகிற ‘ஆஸ்துமா’வை நம்பாதீர்கள்.

இரண்டாவது படி: எதனோடு குழம்பும்

பிறந்து ஓரிரு வாரத்தில் தொடங்கும் சத்தம், குப்புறப் படுக்கவைத்தால் குறைகிறது, அழுகுரல் தெளிவாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் குரல்வளைத் திசுக்கள் தொளதொளவென்று இருப்பதுதான் காரணம். முக்கால்வாசி தானே சரியாகும்.

ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கி, உள்மூச்சு வெளிமூச்சு இரண்டிலும் சத்தம், நாய் குரைப்பது போன்ற இருமல், ஸ்டெராய்டு கொடுத்தால் தெளிந்து நிறுத்தினால் திரும்புவது: இது குரல்நாணுக்குக் கீழேயுள்ள ரத்தநாளக் கட்டியாக இருக்கலாம். தாடி வளரும் இடத்தில் தோலில் செந்நிறப் படலம் தெரிந்தால் சந்தேகம் உறுதிப்படும். இதற்கு அறுவை முதல் வழி அல்ல. 2008இல் பிரான்சின் போர்தோ நகரில் தற்செயலாகத் தெரியவந்தபடி, இதய மருந்தான ப்ராப்ரனலால் இதைச் சுருக்குகிறது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. வரை, பல வேளைகளாகப் பிரித்து, பசியோடிருக்கும்போது கொடுக்காமல், ரத்தச் சர்க்கரையையும் நாடியையும் கண்காணித்து மருத்துவர் கொடுப்பார்.

பள்ளிக்குப் போகும் வயதில், காலையில் நன்றாக இருந்து மாலையில் கரகரக்கும் குரல், மூச்சில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், குரல்நாண் முடிச்சு. இரண்டு நாணிலும் ஒரே மட்டத்தில், முன்பாகத்து மூன்றில் ஒரு பங்கும் நடுப்பகுதியும் சந்திக்குமிடத்தில், எதிரெதிரே இருக்கும். இதற்குப் பேச்சுப் பயிற்சிதான் மருந்து, கத்தி வேண்டாம். நாளுக்குநாள் கூடிக்கொண்டே போகும் கம்மலை மட்டும் ‘முடிச்சுதான்’ என்று பார்க்காமலே முடிவுகட்டக் கூடாது.

பெரியவர்களில் மூச்சுக்காக நெடுநாள் குழாய் வைத்தவர்களுக்கும் வயிற்று அமிலம் மேலேறுபவர்களுக்கும் நாணின் பின்கோடியில் குருணைக் கட்டி வரும். புகைப்பவர்களுக்குப் புற்று. மருவா புற்றா என்பதைத் திசுச் சோதனைதான் தீர்க்கும்.

மூன்றாவது படி: விழித்த நிலையில் ஸ்கோப்

மூச்சு நிதானமாக இருக்கும் குழந்தைக்கு மயக்கமில்லாமலே பார்த்துவிடலாம். மூக்கு வழியாகப் போகும் வளையும் ஸ்கோப், குழந்தைகளுக்கு 2 முதல் 3 மி.மீ. தடிமன், பார்க்க ஆகும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம். வெற்றி பிடிப்பதில்தான் இருக்கிறது. குழந்தையின் முதுகு அம்மாவின் மார்பில் சாய்ந்திருக்க, கால்கள் அம்மாவின் முழங்கால்களுக்கு இடையே, அம்மாவின் ஒரு கை குழந்தையின் இரு கைகளையும் சேர்த்து அணைக்க, தலையை ஒரு நர்ஸ் பிடிக்க வேண்டும். அழுதால் கெட்டுப்போவதில்லை. அழும்போது குரல்வளை விரிந்து சுருங்குவதால் நாண்களின் அசைவும் தெரியும்.

மரத்துப்போகும் மருந்தில் கணக்கு முக்கியம். லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 4 சதவீத மருந்தில் 1 மி.லி.யில் 40 மி.கி. இருக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு மொத்த அளவே 1 மி.லி. தான். ஸ்ப்ரேயை நாலைந்து தடவை அழுத்திவிட்டு எவ்வளவு போனது என்று தெரியாமல் நிற்பது வலிப்பில் கொண்டுபோய் விடும்.

மரு எப்படித் தெரியும்? குட்டி முசுக்கொட்டைப் பழத்தைக் கொத்தாக ஒட்டவைத்தது போல, வெளிர் சிவப்பில், ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளியோடு. அந்தப் புள்ளிதான் மணிக்குள் ஓடும் நுண் ரத்தக்குழாய். நீல, பச்சை ஒளியில் பார்க்கும் வசதியுள்ள கருவியில் அந்தப் புள்ளிகள் கரும்பழுப்பாக எடுப்பாகத் தெரியும். தட்டையாகப் பரவிய மருவும் அதில் அகப்படும்.

செய்யக் கூடாதவை: மூச்சுச் சத்தம் உள்ள குழந்தைக்கு ‘அடங்கிப் படுக்கட்டும்’ என்று தூக்க மருந்து கொடுத்து சிடி ஸ்கேன் எடுப்பது. முழித்திருக்கும்போது தசையை முறுக்கி மூச்சு வாங்கும் பிள்ளைக்கு, தூங்கியதும் அந்த முறுக்கு தளர்ந்து பாதை மூடிக்கொள்ளும். சிடி தேவை நுரையீரலில் பரவியதாகச் சந்தேகம் வந்தால்தான், எல்லோருக்கும் இல்லை.

திணறலோடு வந்தால்

தொண்டைக்குழி ஆழமாக இழுக்கிறது, உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும் என்கிறது, பால் குடிக்க முடியவில்லை, உதடு நீலம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டாம். அம்மா மடியில், அதுவாக எப்படி உட்கார்கிறதோ அப்படியே கொண்டுபோங்கள். அதுவரை பெரிதாகக் கேட்ட சத்தம் திடீரென்று அடங்கி, பிள்ளை சோர்ந்து சாய்ந்தால் அது குணமில்லை. காற்றே போகவில்லை என்று பொருள்.

மருத்துவமனையில் ஆக்சிஜன், நரம்பில் டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 0.5 மி.கி., அட்ரினலின் நெபுலைசேஷன் (1:1000 மருந்து கிலோவுக்கு 0.5 மி.லி., உச்சம் 5 மி.லி.) கொடுப்பார்கள். இவை சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் வற்றவைக்கும், மருவை அல்ல. கிடைக்கும் தெளிவு சற்று நேரத்துக்குத்தான். அந்த நேரத்தை அரங்கைத் தயார்செய்யப் பயன்படுத்த வேண்டும், ‘இப்போ பரவாயில்லை’ என்று வார்டுக்கு அனுப்ப அல்ல.

நான்காவது படி: அறுவை அரங்கு

அறுவையின் நோக்கம் என்ன என்பதில் பெற்றோரும் மருத்துவரும் முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டும். வைரஸ், பார்வைக்கு நன்றாக இருக்கும் பக்கத்துச் சவ்விலும் ஒளிந்திருக்கிறது. எனவே எவ்வளவு ஆழமாகச் சுரண்டினாலும் வேரோடு போகாது. காற்றுப்பாதையைத் திறப்பது, குரல்நாணைக் காப்பது, இரண்டு அறுவைகளுக்கு நடுவே நாளைக் கூட்டுவது, இவ்வளவுதான் இலக்கு. மரு பல பிள்ளைகளுக்கு வயது ஏறஏற அடங்கிவிடும். முழுசாக எடுத்துவிட்டோம் என்று பெருமைப்பட்ட அறுவையின் தழும்பு மட்டும் வாழ்நாள் முழுக்க நிற்கும். இந்நோயில் நிரந்தரமாகக் குரல் போன பலருக்குக் காரணம் வைரஸ் அல்ல, கை அடங்காத அறுவை.

மயக்கம்: இங்கே காற்றுப்பாதையை அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை தானாக மூச்சுவிட்டபடியே ஆழ்மயக்கத்தில் இருக்க, நரம்பு வழி ப்ரொபோஃபால் செலுத்தி, குழாயே வைக்காமல் செய்வது ஒரு முறை. குழாய் வைத்து ஆக்சிஜன் ஏற்றி, எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வேலை செய்து, ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தை நோக்கி இறங்கும்போது மறுபடி குழாய் வைப்பது இன்னொன்று. அழுத்தக் காற்றைப் பீய்ச்சும் ஜெட் முறையில் மருத் துணுக்குகளைக் கீழே ஊதிவிடும் என்ற அச்சமும், அடைப்பு பெரிதாக இருந்தால் உள்ளே போன காற்று வெளியேறாமல் நுரையீரல் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. பெரிய மரு உள்ள குழந்தைக்கு, முதலில் மருவைக் குறைக்காமல் தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதை அனுபவமுள்ளவர்கள் தவிர்ப்பார்கள். குழாயின் அளவுக்கு வழக்கமான கணக்கு, வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டுவது. 4 வயதுக்கு 5 மி.மீ. மரு உள்ள பிள்ளைக்கு அதைவிட 0.5, 1, 1.5 குறைவான அளவுகளும் மேசையில் திறந்து தயாராக இருக்க வேண்டும். மூச்சுக்குழாய்த் துளையிடும் தட்டும், நேரான மூச்சுக்குழாய் ஸ்கோப்பும் பெட்டியில் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில்.

மயக்கம் கொடுத்ததும் கத்தியை எடுப்பதற்கு முன் முழுதும் பார்த்துக் குறிக்க வேண்டும். டெர்கே-கோல்ட்ரேரா அளவுமுறையில் மூச்சுப்பாதையை 25 இடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லை), 1 (படர்ந்தது), 2 (மேடு), 3 (பெருங்கொத்து) என மதிப்பெண் இடுவார்கள். குரல், மூச்சுச் சத்தம், அவசரம் ஆகியவை தனியாக. இது இல்லாமல் ‘நிறைய இருந்தது, எடுத்தாயிற்று’ என்று எழுதிய அறிக்கை, அடுத்த அறுவையின்போது ஒன்றுக்கும் உதவாது. மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிடவே முடியாமல் போகும்.

திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது முதல் அறுவையில் கட்டாயம். பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அனுப்புவதே நல்லது. வசதி இருந்தால் எச்பிவி வகையையும் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளில் இன்று குழந்தைகளுக்கு அதிகம் கையாளப்படுவது மைக்ரோடிப்ரைடர். உறிஞ்சிக்கொண்டே சீவும் சுழல் பிளேடு. பெருங்கொத்தை விரைவாக எடுக்கும், சூடில்லை, தீப்பிடிக்காது. குரல்வளைக்கென்றே வரும் மழுங்கிய ‘ஸ்கிம்மர்’ பிளேடை, சைனஸுக்கு வைப்பதைவிட வெகுவாகக் குறைத்த வேகத்தில், மருவின் மேல் மிதக்கவிட வேண்டும். மரு தானாக வாய்க்குள் இழுபடும், நாண் இழுபடாது. அழுத்தினால் நாணின் தசைநாரும் சேர்ந்து போகும். கசியும் ரத்தத்துக்கு 1:10,000 அட்ரினலினில் நனைத்த பஞ்சுத்துண்டை ஒரு நிமிடம் வைத்தால் பெரும்பாலும் நிற்கும். ஒவ்வொரு பஞ்சுக்கும் நூல்வால் இருக்க வேண்டும். வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று நர்ஸ் உரக்க எண்ண வேண்டும். ரத்தத்தில் ஊறிய பஞ்சும் மருவும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் (10,600 நானோமீட்டர்) துல்லியமானது. நீர் உள்ள எந்தத் திசுவையும் ஆவியாக்கும். கேடிபி லேசர் (532 நானோமீட்டர்) ரத்தத்தின் சிவப்பை மட்டும் தேடிப் போகும். மருவின் மணிக்குள் இருக்கும் ரத்தக்குழாயைச் சுட்டுவிட்டு மேல்சவ்வைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. பெரியவர்களுக்கு மரத்துப்போகும் மருந்தோடு நாற்காலியில் உட்காரவைத்தே இதைச் செய்யலாம்.

லேசர் எடுத்தால் தீ விபத்து நினைவில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்கு மிகாமல், நைட்ரஸ் ஆக்சைடு இல்லாமல், லேசருக்கென்று செய்த குழாய், அதன் பலூனில் காற்றுக்குப் பதில் நீலச்சாயம் கலந்த உப்புநீர். பலூன் துளைபட்டால் நீலம் வெளியே வந்து எச்சரிக்கும். கண்ணிலும் முகத்திலும் ஈரத்துணி. தீப்பிடித்தால் ஒரே மூச்சில் குழாயை உருவு, வாயுவை நிறுத்து, உப்புநீரை ஊற்று. அணைந்தபிறகு மாஸ்க்கில் மூச்சு கொடுத்து, ஸ்கோப் விட்டுக் காயத்தைப் பார்க்க வேண்டும். லேசர் புகையில் எச்பிவியின் மரபுப்பொருள் இருப்பது காட்டப்பட்டிருக்கிறது. புகை உறிஞ்சியும் என்-95 முகக்கவசமும் அரங்கில் எல்லோருக்கும் வேண்டும்.

இனி மிக முக்கியமான இடம், இரு நாண்களும் முன்னால் சந்திக்கும் மூலை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் சவ்வை உரித்தால், புண்ணும் புண்ணும் ஒட்டி நடுவே வாத்துக்கால் தோல் போலச் சவ்வு வளரும். குரல் கீச்சிட்டு நின்றுவிடும், பாதையும் குறுகும். அந்த மூலையில் ஒரு பக்கமாவது 1 முதல் 2 மி.மீ. மருவை வேண்டுமென்றே விட்டுவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ‘ஏன் டாக்டர் கொஞ்சம் விட்டுட்டீங்க?’ என்று கேட்கும் பெற்றோருக்கு விடை இதுதான்.

அறுவைக்குப் பின்

முதல் இரவு ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியோடு கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஈரக்காற்று இதமாக இருக்கும். ஓரிரு நாள் அமைதியாகப் பேசவைத்தால் போதும். குசுகுசுவென்று பேசுவது ஓய்வு அல்ல, அது நாணை இன்னும் முறுக்கும். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். அமிலம் பட்ட புண் தழும்பாகும்.

முதல் கண்டுபிடிப்புக்குப் பின் அடுத்த பார்வை நாலு முதல் ஆறு வாரத்தில். அதில் வளர்ச்சியின் வேகம் தெரியும். பிறகு இடைவெளியைப் பிள்ளையின் மருதான் தீர்மானிக்கும், காலண்டர் அல்ல. வாராவாரம் எடுக்கும் குரல் பதிவுதான் இங்கே கைகொடுப்பது. போன மாதப் பதிவையும் இன்றையதையும் அடுத்தடுத்துக் கேட்டால், மூச்சு கெடுவதற்கு முன்பே தேதி வாங்கிவிடலாம். கர்ப்பமானால் மரு வேகமெடுப்பதும் உண்டு என்பதைப் பெரியவராகி இந்நோய் வந்த பெண்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

மூச்சுக்குழாயில் துளையிடுவது கடைசிக் கதவு. துளையின் ஓரம் புதிய சவ்வு எல்லை ஒன்றை உண்டாக்குகிறது. மரு அங்கே குடியேறி கீழே இறங்குவது பலமுறை காணப்பட்டது. உயிர்காக்கத் தேவையென்றால் தயங்கக் கூடாது. வைத்தபின் எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது படி: மருந்து எப்போது

ஆண்டுக்கு நாலு அறுவைக்கு மேல் ஆகிறது, அல்லது சில வாரத்திலேயே பாதை அடைகிறது, அல்லது மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் இறங்குகிறது என்றால் துணை மருந்தை யோசிக்கலாம்.

பெவாசிசுமாப் இப்போது முன்னணியில். புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும். ஒவ்வொரு மருமணியும் ஒரு ரத்தக்குழாயை நம்பியே நிற்பதால், நரம்பில் ஏற்றும்போது முதல் சில டோஸிலேயே கொத்துகள் வாடுகின்றன. வழக்கமாக கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.யில் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியை நீட்டுவார்கள். ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். புண் ஆறுவதை இது தாமதப்படுத்துவதால் அறுவையை ஒட்டிக் கொடுப்பதில்லை. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப முளைக்கிறது. நுரையீரலுக்கு இறங்கிய நோயில் வேறு எதுவும் எட்டாத இடத்தை இது எட்டுகிறது என்பதே இதன் பெரிய பலம்.

வைரஸ் எதிர்ப்பு மருந்தான சிடோஃபோவிரை மருவை எடுத்த இடத்தில் ஊசியால் போடுவது நெடுநாள் வழக்கம். நரம்பில் ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. விலங்குகளில் புற்று உண்டாக்கியதும் காணப்பட்டது. எனவே ஒப்புதல் படிவத்தில் இதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அசைக்ளோவிர் இதற்கு வேலை செய்யாது. அது செயல்படத் தேவையான நொதி எச்பிவியிடம் இல்லை. முட்டைக்கோஸ் இனக் காய்களிலிருந்து எடுக்கும் இன்டோல் மாத்திரைகளுக்கு உறுதியான சான்று இல்லை. காய்களைச் சாப்பிடுவதில் தடையில்லை. கதிர்வீச்சை மட்டும் யாரும் யோசிக்கவே கூடாது. முற்காலத்தில் மருவுக்குக் கதிர் கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் புற்று வந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பாப்ஸிமியோஸ் என்ற மருந்துக்கு, பெரியவர்களுக்கு மட்டும், அனுமதி கிடைத்தது. வைரஸின் பகுதிகளை நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டும் ஊசி இது. 12 வாரத்தில் நாலு தடவை தோலுக்கடியில் போடுவார்கள். சோதனையில் 35 பேரில் 18 பேருக்கு அடுத்த ஓராண்டு அறுவையே தேவைப்படவில்லை.

வறட்டு இருமல், அடிக்கடி நிமோனியா, காரணமில்லாத இளைப்பு என்று வந்தால் அப்போது நெஞ்சு சிடி எடுக்க வேண்டும். நுரையீரலில் முடிச்சுகளும் உட்குழிந்த பைகளும் தெரியும். மரு புற்றாக மாறுவது அரிது. மாறுபவர்களில் நுரையீரல் நோய் உள்ளவர்களும் 11ஆம் வகை உள்ளவர்களும் அதிகம்.

தடுப்பூசி

எல்லா எச்பிவி தடுப்பூசியும் இந்த மருவைத் தடுக்காது. உறையில் 6, 11 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்டசிலில் உண்டு. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரித்து 2023 ஜனவரியில் வெளியிட்ட செர்வாவாக்கில் 6, 11, 16, 18 நான்கும் உண்டு. செர்வாரிக்ஸில் 16, 18 மட்டும். 9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். 15 வயதுக்கு மேல் 0, 2, 6 மாதங்களில் மூன்று.

இன்று ஒரு சிறுமிக்குப் போடும் ஊசி நாளை அவள் பெறும் பிள்ளையைக் காக்கிறது. ஆஸ்திரேலியா 2007இல் பள்ளிச் சிறுமிகளுக்கு இதைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளின் குரல்வளை மரு 2012இல் லட்சத்துக்கு 0.16ஆக இருந்து 2016இல் 0.02ஆகச் சரிந்தது. அந்த ஐந்தாண்டில் நோய் வந்த பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டவர் இல்லை. ஏற்கனவே மரு வந்த பிள்ளைக்கு ஊசி போடலாம், கெடுதல் இல்லை. மரு மறைந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போட வேண்டாம்.

கையோடு வைத்திருக்க வேண்டிய கோப்பு

ஊர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் இந்தப் பிள்ளையோடு ஒரு கோப்பு போக வேண்டும். அதன் முதல் பக்கத்தில்: மருத்துவர் சொன்ன நோயின் பெயர், எச்பிவி வகை, இதுவரை நடந்த அறுவைகளின் தேதிகள், ஒவ்வொன்றிலும் பெற்ற மதிப்பெண், கடைசித் திசு அறிக்கை, கடைசியாக எந்த அளவுக் குழாய் இலகுவாக நுழைந்தது, மயக்க மருத்துவர் கையாண்ட முறை. அறுவை வீடியோவை பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். நள்ளிரவில் முன்பின் தெரியாத ஊரில் திணறலோடு போய் நின்றால், அங்குள்ள மயக்க மருத்துவர் முதலில் தேடுவது அந்தக் குழாய் அளவைத்தான். அதைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.